சேறும் நீரும்: பள்ளிக்கரணையில் கூதிர்காலப் பறவைகளைப் பார்க்கத் தொடங்குவோர்க்கு

சென்னையின் தெற்கே, வேளச்சேரி–தாம்பரம் சாலைக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் இடையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே செப்டம்பர் கடைசியில் ஒரு முறையும் நவம்பர் நடுவில் ஒரு முறையும் போய் வருபவர், இரண்டு வெவ்வேறு இடங்களைப் பார்த்து வந்ததாகவே எண்ணக்கூடும். முதல் முறை அவர் கண்ணில் படுபவை ஈரச் சேறும், ஆங்காங்கே தேங்கிக் கிடக்கும் குட்டைகளும், அவற்றின் விளிம்பில் ஓடி ஓடிக் கொத்தும் சிறிய பழுப்பு நிறப் பறவைகளும். இரண்டாம் முறை சேறு இருந்த சுவடே தெரியாது. சம்புக் கோரையின் இடுப்பளவுக்கு நீர் ஏறியிருக்கும். பழுப்புப் பறவைகள் நின்ற இடத்தில் வாத்துகளும் நாமக்கோழிகளும் மிதந்துகொண்டிருக்கும். இந்த ஏழெட்டு வாரங்களில் அங்கே என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டவருக்குப் பறவை நோக்கலின் அடிப்படை பெருமளவு கைவந்துவிடும். பெயர்களை மனப்பாடம் செய்வதில் தொடங்குவதைக் காட்டிலும் இதுவே நல்ல வழி என்பது என் உறுதியான கருத்து.

அந்த வாரங்களில் வடக்கேயிருந்து பறவைகள் தெற்கு நோக்கி வந்துகொண்டிருக்கின்றன. கிழக்கே கடலிலிருந்து வடகிழக்குப் பருவமழை வந்து நிலத்தை நிரப்புகிறது. பறவைகள் புறப்படுவதற்கும் மழை தொடங்குவதற்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் வந்திறங்கும் பறவை எங்கே நிற்கும், எதைத் தின்னும், எத்தனை நாள் தங்கும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்த மழை ஏற்றிவிடும் நீரின் ஆழம்தான்.

இந்தப் பருவத்தின் பெயரைப் பற்றி ஒரு சொல். பறவையியல் நூல்களில் இதனை இலையுதிர்கால வலசை என்று எழுதுவது வழக்கம். சென்னையில் அக்டோபர் மாதத்தில் மரங்கள் இலையுதிர்ப்பதில்லை. மழையில் நனைந்து துளிர்க்கவே செய்கின்றன. தமிழர் பகுத்த ஆறு பெரும்பொழுதுகளின்படி ஆவணியும் புரட்டாசியும் கார்காலம், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். வலசை காரில் வலுப்பெற்றுக் கூதிரில் நிறைவடைகிறது என்று சொன்னால் நம் நிலத்துக்குப் பொருந்தும். வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் முட்டையிட்டு முடித்த சில பறவைகள் நம் ஆடி மாதத்திலேயே, அதாவது ஜூலை இறுதியிலேயே, தெற்கு நோக்கித் திரும்பிவிடுவதால், பறவைகளின் நாட்காட்டி நம்முடையதற்குச் சற்று முந்தியே ஓடுகிறது. பழந்தமிழில் வம்பு என்னும் சொல்லுக்குப் புதுமை என்று பொருள் உண்டு. புதிதாக வந்திறங்கிய பறவையை வம்பப் புள் என்றார்கள். சேற்றோரத்தில் இரைதேடும் நீள் அலகுச் சிறு பறவைகளான உள்ளான்களில் ஒன்றை, பருவத்தின் முதல் பொறி உள்ளானை, காணும் காலையில் அந்தச் சொல் எனக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

ஏன் புறப்படுகின்றன?

குளிர் தாங்காமல் பறவைகள் தெற்கே வருகின்றன என்றே பலரும் நினைக்கிறார்கள். இறகுப் போர்வை உள்ள உயிருக்குக் குளிர் அத்தனை பெரிய இடர் அன்று. உணவு தீர்ந்துபோவதுதான் இடர். சைபீரியாவின் வடகோடியில், மரங்கள் வளராத உறைபனிச் சமவெளியான துந்திர நிலத்தில் கோடைக்காலத்தில் கதிரவன் மறைவதே இல்லை. உறைபனி உருகிய குட்டைகளில் கொசுவும் ஈயும் அவற்றின் புழுக்களும் பெருகிக் கிடக்கும். இருபத்து நான்கு மணிநேர வெளிச்சத்தில், குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்த உடனே தாமே இரைதேடி வளர, அதைவிட ஏற்ற இடம் உலகில் குறைவு. ஆனால் அந்த வளம் சில வாரங்களே நீடிக்கும். பின்னர் நிலம் இறுகி, சேற்றினுள் அலகை நுழைக்கவே முடியாமல் போய்விடும். உணவு தீரும்வரை காத்திருக்கும் பறவைக்கு, நெடுவழிப் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பைச் சேர்க்க வழியிராது. ஆகவே அவை உணவு மிகுந்திருக்கும்போதே புறப்பட்டாக வேண்டும். அதற்கு முன்னறிவிப்பு வேண்டும். பகற்பொழுது குறுகிவருவதுதான் அந்த முன்னறிவிப்பு. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒன்றரை மணிநேரம்தான். துருவப் பகுதியிலோ முழு நாளும் பகலாக இருந்தது முழு நாளும் இரவாக மாறுகிறது. அவ்வளவு வேகமாகக் குறையும் பகலின் அளவை மூளை உணர்ந்து, உடலின் உள்ளிருக்கும் ஆண்டுக் கடிகாரத்துடன் சேர்த்துப் படித்து, சுரப்பிகளை முடுக்கிவிடுகிறது. பறவைக்கு அடங்காத பசி பிடிக்கிறது. தோலுக்கு அடியில் கொழுப்பு சேர்கிறது. இரவில் ஓரிடத்தில் நிலைகொள்ளாத ஒரு தவிப்பும் வருகிறது.

அந்தக் கொழுப்புதான் எரிபொருள். வானில் நெடுந்தொலைவு நிற்காமல் பறக்கும் சில கரைப்பறவைகள், புறப்படும் முன் இரைப்பையையும் குடலையும் சுருக்கிக்கொண்டு, பறக்கும் தசையையும் கொழுப்பையும் மட்டும் சுமந்து செல்கின்றன என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில், செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஓர் இளம் பட்டைவால் மூக்கன், அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை ஏறத்தாழ 13,560 கிலோமீட்டர் தொலைவைப் பதினொரு நாட்களில் எங்கும் இறங்காமல் கடந்தது. பள்ளிக்கரணைக்கு வருபவை அத்தகைய ஒரே மூச்சுப் பயணிகள் அல்ல; வழிநெடுக ஏரிகளிலும் ஆற்றங்கரைகளிலும் இறங்கி இளைப்பாறி, இரையுண்டு, மீண்டும் கிளம்பி வருபவையே பெரும்பாலும். ஆனால் உடலின் ஏற்பாடு ஒன்றே.

என்னை எப்போதும் நெகிழ வைப்பது இளம் பறவைகளின் பயணம். பல உள்ளான் இனங்களில் பெற்றோர் முதலில் கிளம்பிவிடுகின்றன. அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள், வழிகாட்ட முதிர்ந்த பறவைகள் இல்லாமலேயே, சில வாரங்கள் கழித்துத் தாமாகப் புறப்படுகின்றன. எந்தத் திசையில் பறப்பது என்பது பிறப்பிலேயே அவற்றினுள் எழுதப்பட்டிருக்கிறது. கதிரவனின் நிலையும், இரவில் விண்மீன்களும், பூமியின் காந்தப்புலமும் அவற்றுக்குத் திசைகாட்டிகள். கொசு உள்ளானின் எடை மூன்று பத்து ரூபாய் நாணயங்களின் எடையை ஒட்டியது. பிறந்து சில மாதமே ஆன அந்தச் சிற்றுயிர், ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் மேலான வழியைக் கடந்து, பெருங்குடிக் குப்பை மேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள சேற்றில் வந்து நிற்கிறது.

இவை வரும் வழிக்கு மத்திய ஆசிய வான்வழி என்று பெயர். துருவப் பெருங்கடல் தொடங்கி இந்தியப் பெருங்கடல் வரை ஏறத்தாழ முப்பது நாடுகளைத் தொட்டுச் செல்லும் இப்பாதையின் தென்பகுதியில்தான் தமிழ்நாடும் இலங்கையும் இருக்கின்றன. எனவே பள்ளிக்கரணை சில பறவைகளுக்குப் பயணத்தின் முடிவு; அவை மார்ச், ஏப்ரல் வரை அங்கேயே தங்கும். வேறு சிலவற்றுக்கு அது ஒரு சத்திரம் மட்டுமே. ஓரிரு நாளோ ஒரு வாரமோ தங்கி இரையுண்டபின் மேலும் தெற்கே போய்விடும். செப்டம்பரில் ஒரு காலையில் நூறு பறவைகள் இருந்த சேற்றில் மறுநாள் இருபது மட்டும் இருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். முதலில் கண்ட நூறும் மறுவாரம் காணும் நூறும் ஒரே பறவைகள் என்று கொள்ளக்கூடாது.

இங்கே நீக்க வேண்டிய மயக்கம் ஒன்று உண்டு. வெளிநாடுகளிலிருந்து பறவைகள் நம் ஊருக்கு வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரித்துச் செல்கின்றன என்று வேடந்தாங்கலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சொல்லக் கேட்கிறோம். வேடந்தாங்கலின் மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன் ஆகியவை இந்தியத் துணைக்கண்டத்துக்கு உள்ளேயே மழையையும் நீரையும் தேடி இடம் மாறுபவை. சைபீரியாவிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் வரும் உள்ளான்களும் வாத்துகளும் இங்கே கூடு கட்டுவதில்லை. உண்பதற்கும், தேய்ந்த இறகுகளை உதிர்த்துப் புது இறகு வளர்த்துக்கொள்வதற்கும், திரும்பும் பயணத்துக்குக் கொழுப்புச் சேர்ப்பதற்குமே அவை வருகின்றன. பள்ளிக்கரணையில் இவ்விரு வகையினரும், ஆண்டு முழுவதும் அங்கேயே வாழும் நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான் போன்றவையும் ஒரே காட்சியில் தென்படுவதால் இந்த மயக்கம் எளிதில் ஏற்படுகிறது.

நீரின் ஆழமும் பறவையின் உடலும்

பள்ளிக்கரணை ஏரி அன்று. கரை கட்டித் தேக்கிய ஏரிக்கு மதகும் கலங்கலும் இருக்கும். இங்கே அவை இல்லை. தென்சென்னையின் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து, ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி வழிய, அந்த நீரெல்லாம் வந்து பரவி நிற்கும் தாழ்நிலம் இது. கழுவேலி என்று ஊர்மக்கள் சொல்லிவந்தது இத்தகைய நிலத்தைத்தான். இங்கிருந்து நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் கடலில் கலக்கிறது. கோடையில் நீர் வற்றிச் சுருங்கி, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தின் மாலை மழைகளில் சிறிது நனைந்து, செப்டம்பரில் சேறும் நீரும் கலந்த நிலையில் இருக்கும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்டதை அது டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆக, சதுப்பின் நீர்மட்டம் சில வாரங்களில் விரற்கடைக் கணக்கிலிருந்து முழக் கணக்குக்கு மாறுகிறது.

நீர்ப்பறவை ஒவ்வொன்றின் காலும் கழுத்தும் அலகும் ஏதோ ஓர் ஆழத்துக்கென அமைந்தவை. ஈரம் மட்டும் மின்னும் சேற்றில், அல்லது ஒரு விரற்கடை நீரில், இரைதேடுவது கொசு உள்ளான். தையல் இயந்திரத்தின் ஊசியைப் போலத் தலை ஓயாமல் ஏறி இறங்கும். அதே சேற்றில் பட்டாணி உப்புக்கொத்தி வேறு விதமாக நடந்துகொள்கிறது: நாலைந்து அடி விரைந்து ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், ஒரு கொத்துக் கொத்தும். உப்புக்கொத்தி பெரிய கண்களால் இரையைக் கண்டு பிடிப்பது. நின்று பார்த்தால்தான் அதற்கு இரை தெரியும். உள்ளான்களோ பெரும்பாலும் தொட்டு அறிபவை. அவற்றின் அலகு நுனியில் நரம்பு முனைகள் செறிந்த நுண்குழிகள் உண்டு. சேற்றுக்குள் புழு நெளிவதை அலகே உணர்ந்துவிடுகிறது. கருவால் மூக்கனும் கோரை உள்ளானும் நீண்ட அலகை வேர்வரை சேற்றில் இறக்கிவிட்டு, அலகு முழுவதையும் திறக்காமல் நுனியை மட்டும் பிரித்து இரையைப் பற்ற வல்லவை. பெயர் தெரியாத நாளிலும் இந்த நடையைப் பார்த்தே இது கண்ணால் தேடுவது, இது அலகால் தேடுவது என்று பிரித்துவிடலாம். அதைக் கற்றுக்கொண்டவர் சேற்றுப் பறவைகளில் பாதிச் சிக்கலைத் தீர்த்துவிட்டார்.

நீர் இரண்டு மூன்று விரற்கடை ஆனால் பொறி உள்ளானும், இன்னும் சற்று ஆழத்தில் பச்சைக்காலியும் நிற்கும். ஒரு சாண் நெருங்கும் ஆழத்தில் பவளக்காலி என்றும் அழைக்கப்படும் நெடுங்கால் உள்ளான், இளஞ்சிவப்புக் கால்களால் நீரைக் கலக்காமல் நடந்து செல்லும். அதையும் தாண்டினால் நடப்பவை நின்றுபோய் மிதப்பவை வருகின்றன. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் மூழ்குபவை அல்ல. தலையைக் கவிழ்த்து, வாலை வானத்துக்குத் தூக்கி, கழுத்து எட்டும் ஆழம் வரையே மேயும். ஊசிவால் வாத்தின் கழுத்து நீண்டதாகையால் மற்றவற்றுக்கு எட்டாத அடிமண் அதற்கு எட்டும். தட்டைவாயன் அகப்பை போன்ற அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் பற்களால் மேற்பரப்பு நீரையே வடிகட்டி உண்ணும். அதனினும் ஆழமான திறந்த நீரில் முக்குளிப்பான் முழுகி எழும்; கூழைக்கடாக்கள் வரிசையாக மீனை வளைக்கும். மிதக்கும் இலைகள் படர்ந்தால் அவற்றின் மேல் நீண்ட விரல்களைப் பரப்பி இலைக்கோழி நடக்கும்.

இதனால்தான் பெருமழை பெய்த மறுவாரம் போகும் புதியவர், சேற்றுப் பறவைகள் எல்லாம் எங்கே போயின என்று வியக்கிறார். அவை தம் கால் எட்டும் ஆழத்தைத் தேடி, சதுப்பின் விளிம்புகளுக்கோ கோவளம், முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற கடலோர உப்பங்கழிகளுக்கோ நகர்ந்திருக்கும்.

மாதங்களின் போக்கில்

ஆகஸ்டிலும் செப்டம்பர் முதல் பாதியிலும் வருபவை பெரும்பாலும் முதிர்ந்த கரைப்பறவைகள். கவனித்துப் பார்த்தால் சிலவற்றின் மார்பில் துருவேறிய செந்நிறத் திட்டுகள் தெரியும். வடக்கே கோடையில் அணிந்திருந்த இனப்பெருக்க இறகுகளின் மிச்சம் அது. கருவால் மூக்கனில் இது தெளிவாகத் தெரியும். வாரங்கள் செல்லச் செல்ல அத்திட்டுகள் மறைந்து, எல்லாம் சாம்பலும் பழுப்புமாகிவிடும். செப்டம்பர் பிற்பகுதியில் இளம் பறவைகள் வந்து சேரும்போது, முதுகிறகுகளின் விளிம்பு தேயாமல் செதில் செதிலாக வெளிறித் தெரிவதைக் கொண்டு அவற்றை அறியலாம்.

அக்டோபரில் சேற்றைவிட்டுக் கண்ணை எடுத்துக் கோரைப் புதர்களையும் மின்கம்பிகளையும் பார்க்க வேண்டும். தகைவிலான்கள் கம்பிகளில் வரிசை கட்டும். நீலவால் பஞ்சுருட்டான் தட்டான்களைப் பாய்ந்து பிடிக்கும். சீமைக் கருவேலத்தின் முள் நுனியில் பழுப்புக் கீச்சான் நின்று கரகரத்துக் கத்தும். ஈரப் புல்வெளியில் மஞ்சள் வாலாட்டி வாலை அசைத்து நடக்கும். நாணல் கதிர்க்குருவியைக் காண்பது அரிது. கோரைக்குள்ளிருந்து 'சக், சக்' என்ற ஒலி வந்தால் அது இருப்பதாகக் கொள்ளலாம். சேற்றுப் பூனைப்பருந்து கோரைக்குச் சற்று மேலே, இறக்கைகளை மேல்நோக்கி வளைத்துத் தாழப் பறந்துவரும்போது, பரப்பிலுள்ள பறவைகள் அனைத்தும் ஒருசேர எழும்புவதைக் காணலாம்.

நவம்பரில் வாத்துகள். முதன்முறை பார்ப்பவருக்கு இங்கே ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது: கையேட்டுப் படத்தில் அவ்வளவு அழகாக இருக்கும் ஆண் வாத்து எங்கே என்று தேடினால், கண்ணில் படுபவை எல்லாம் பெட்டையைப் போலப் பழுப்பாகவே இருக்கும். கோடையில் வாத்துகள் தம் பறக்கும் இறகுகளை ஒரே நேரத்தில் உதிர்ப்பதால் சில வாரம் பறக்க முடியாமல் போகின்றன. அந்தக் காலத்தில் ஆண்கள் பளிச்சென்ற நிறங்களைக் களைந்து பெட்டையின் மங்கலான தோற்றத்துக்கு மாறி ஒளிந்து வாழ்கின்றன. நீலச்சிறகி ஆண் பலவும் அந்தத் தோற்றத்திலேயே இங்கு வந்து, தை மாதம் வரையிலும் அப்படியே இருக்கும். அப்போது உதவுவது அதன் தமிழ்ப் பெயர்தான்: கூட்டம் எழுந்து பறக்கும்போது ஆணின் முன்சிறகில் வெளிர்நீலம் மின்னும். தட்டைவாயனின் சிறகிலும் நீலம் உண்டு. ஆனால் அதன் அலகைப் பார்த்தபின் யாருக்கும் ஐயம் எழாது.

நீளவால் இலைக்கோழியிலும் இதே பாடம் இருக்கிறது. செப்டம்பரில் பொன்னிறப் பிடரியும் நீண்டு வளைந்த கரிய வாலுமாக இருந்த பறவை, கூதிர் முடிவதற்குள் வாலை உதிர்த்து, வெள்ளையும் பழுப்புமான வேறொரு பறவை போலாகிவிடும். (இவ்வினத்தில் முட்டைகளை அடைகாத்துக் குஞ்சுகளைப் பேணுவது ஆண், பெண் வேறு துணையைத் தேடிச் சென்றுவிடும். செப்டம்பரில் குஞ்சுகளுடன் ஒரு பறவை நடந்தால் அது தந்தை.)

எப்படிப் பார்ப்பது?

காலை ஆறு மணிக்கு அங்கே நிற்பது நல்லது. வெயில் ஏறியபின், ஒன்பது மணிக்குள்ளாகவே, ஈரச் சேற்றின் மேல் காற்று நெளியத் தொடங்கும். எத்தனை உயர்ந்த கண்ணாடியாலும் அந்தக் கானலைத் துளைத்துப் பார்க்க முடியாது. வெளிச்சத்தின் திசையை முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும். காலையில் கதிரவன் கிழக்கே இருப்பதால், வேளச்சேரிச் சாலைப் பக்கமிருந்து பார்ப்பவருக்குப் பறவைகள் எல்லாம் கரிய நிழலுருவங்களாகவே தெரியும். அந்தப் பக்கம் மாலைக்கு ஏற்றது. சதுப்பை ஊடறுத்துச் செல்லும் துரைப்பாக்கம்–பல்லாவரம் ஆரச்சாலையை ஒட்டி வனத்துறையின் சூழல் பூங்கா இருக்கிறது; நடைபாதையும் பார்வை இடங்களும் உள்ளதால் தொடங்குபவர்க்கு அதுவே தக்க இடம். வண்டிகள் விரையும் சாலையோரத்தில் நின்று பார்ப்பதைத் தவிர்ப்பது நல்லது. கண் பறவையில் ஊன்றியிருக்கும்போது காது சாலையை மறந்துவிடும்.

பைனாகுலர் வாங்குவோர் அதன்மேல் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். 8, 42 என்று இருந்தால் அது எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும். முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு எட்டைவிடச் சிறந்தது என்று தோன்றும். ஆனால் பெருக்கம் கூடக் கூடக் கையின் நடுக்கமும் பெருகித் தெரியும், பார்வைப் பரப்பும் சுருங்கும். தொடக்கத்துக்கு எட்டே போதும். பார்க்கும் முறையில் ஒரு பழக்கம் முக்கியம்: பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும், கருவியை வைத்துக்கொண்டு பறவையைத் தேடக்கூடாது.

தொலைவில் நிற்கும் பறவையின் அளவை மதிப்பிடுவது புதியவருக்கு எப்போதும் கடினம். அதற்கு எப்போதும் அங்கிருக்கும் ஒரு பறவையை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். என் பரிந்துரை நெடுங்கால் உள்ளான்: கருப்பு வெள்ளை உடலும் சிவந்த நீள் காலும் கொண்ட அதனை முதல் நாளிலேயே எவரும் தவறின்றி அறிந்துகொள்வர். அதனருகே நிற்கும் பழுப்புப் பறவை அதன் வயிற்றளவுக்காவது வருகிறதா, அலகு தலையின் நீளத்தைவிடக் கூடுதலா குறைவா, கால் கருப்பா மஞ்சளா பச்சையா என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். முதுகில் வெண்பொறிகள் இறைந்து, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவக்கோடு ஓடி, கால் மஞ்சள்பச்சையாக இருந்தால் அது பொறி உள்ளானாகவே இருக்கக்கூடும். முதுகு பழுப்பாய், தோளருகே வயிற்றின் வெண்மை ஓர் ஆப்புப்போல மேலேறி, பின்புறம் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தால் அது சாதாரண உள்ளான். சிட்டுக்குருவி அளவே இருந்து, கால் கருமையாகவும் இருந்தால் பெரும்பாலும் கொசு உள்ளான். முதல் கூதிரில் இந்த மூன்றையும் பிரித்தறிய முடிந்தாலே அது நல்ல அறுவடை. பெயர் தெரியாததை 'தெரியாத உள்ளான்' என்றே எழுதலாம். ஊகித்த பெயரைவிட அந்த நேர்மையான குறிப்புக்கு மதிப்பு அதிகம். பார்த்தவற்றை ஈ-பேர்ட் என்னும் தளத்தில் பட்டியலாகப் பதிந்தால் அது உங்கள் ஏடாகவும் ஆய்வாளர்களுக்கு உதவும் தரவாகவும் ஆகும். அக்டோபர் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாள்களில் ஒன்று; முதல் பட்டியலை அன்று தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

நெருங்கிப் படமெடுக்கும் ஆவலில் கூட்டத்தை எழுப்பிவிடுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யக்கூடாது. கல்லெறிந்து எழுப்புவதையும், கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதையும் பார்த்திருக்கிறேன், மனம் கொதிக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து மெலிந்து வந்த ஒரு பறவைக்கு, சேற்றில் நிம்மதியாக உண்ணும் ஒவ்வொரு மணிநேரமும் அடுத்த பயணத்துக்கான எரிபொருள். தேவையின்றி எழும்பிப் பறக்கும் ஒவ்வொரு முறையும் சேர்த்தது கரைகிறது, உண்ணும் நேரமும் போகிறது. பறவை தலையைத் தூக்கி, உண்பதை நிறுத்தி, உங்களையே பார்க்கத் தொடங்கினால் நீங்கள் அளவுக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நின்று, இரண்டடி பின்வாங்குங்கள்.

இந்தச் சதுப்பு ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்தது என்று கணக்கிடப்படுகிறது. குப்பைக் கிடங்கும், சாலைகளும், அலுவலகக் கட்டடங்களும், குடியிருப்புகளும் அதனைத் தின்றன. 2007-இல் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1,247 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு சுருங்கியதைவிடப் பறவைகளுக்குப் பெரிய இழப்பு விளிம்புகள் போனது. முன்பு நீர் ஏற ஏற ஆழமற்ற விளிம்பும் வெளிநோக்கி நகர்ந்துகொண்டே போகும். உள்ளான்களும் அதனுடன் நகரும். இப்போது விளிம்பு இருந்த இடத்தில் கொட்டிய மண்ணும் சுவரும் இருப்பதால், நீர் ஏறும்போது பல இடங்களில் சேறு நகர்வதில்லை, மூழ்கிப்போகிறது. கரையோரத்தில் ஒரு மனைக்கு மண் கொட்டப்படும்போது கொசு உள்ளானுக்கு நேர்வது அதுதான். நீருக்கும் போக்கிடம் குறைகிறது. அதன் விளைவை 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னை முழுவதும் அறிந்தது.

கடைசியாக ஒரு செய்முறை. நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து தெரியும், நீரில் நிற்கும் ஒரு கம்பத்தையோ கல்லையோ தேர்ந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பறவைப் பெயர்களை எழுதும் முன், நீர் அதில் எதுவரை ஏறியிருக்கிறது என்பதை ஏட்டில் முதல் வரியாக எழுதுங்கள். சில வாரங்களில் ஏட்டைப் புரட்டிப் பார்த்தால், ஐப்பசி மழையில் அந்தக் கம்பத்தின் அடி மறைந்த நாளையொட்டிக் கொசு உள்ளான் என்ற பெயர் உங்கள் பட்டியலிலிருந்து விலகுவதையும், அந்த இடத்தில் நீலச்சிறகி வந்து அமர்வதையும் காணக்கூடும். தை பிறந்து, நீர் மெல்ல வடிந்து, கம்பத்தின் அடியில் மீண்டும் சேறு மின்னும் வாரத்தில் மறுபடி அங்கே போய்ப் பாருங்கள்; திரும்பும் பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் உள்ளான்கள் அப்போது அங்கே இறங்கத் தொடங்கியிருக்கும்.